முடிச்சு தெரியாத இழை

ஜப்பான், இத்தாலி இரண்டையும் கலந்து சமைக்கும் உணவகங்களைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி கேள்வி, பாதி கோபம். இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

மில் தொழிலாளி, பல்லடம்: ஏனுங்க, ஜப்பான் சோத்தையும் இத்தாலி சோத்தையும் ஒரே தட்டுல போட்டு விக்கிறாங்களாமா. அந்த ரெண்டு ஊருக்கும் என்னங்க சம்பந்தம்?

உங்கள் வைண்டிங் பிரிவுக்குள் போய் நின்று பாருங்கள், சம்பந்தம் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். கப்ஸ் நூலைக் கோனாகச் சுற்றும் இயந்திரங்களில் ஜப்பானின் முராட்டாவும் இத்தாலியின் சாவியோவும் கொங்கு மில்களுக்குப் பழகிய பெயர்கள். நூல் அறுந்தால் முன்பெல்லாம் முடிச்சுப் போடுவோம். அந்த முடிச்சு பனியன் பின்னும்போது ஊசியில் சிக்கும், துணியில் ஓட்டை விழும். இப்போது ஸ்ப்ளைசர் வந்துவிட்டது. அறுந்த இரண்டு நுனியின் முறுக்கையும் காற்றால் பிரித்து, இழையோடு இழையைக் கலந்து, திரும்ப முறுக்கேற்றி விடுகிறது. விரலால் தடவினாலும் ஒட்டு தெரியாது. நல்ல கலப்புச் சமையலும் அந்த வேலைதான். அடுத்த முறை தட்டைப் பார்க்கும்போது ஒரு கேள்வி போதும்: இது ஸ்ப்ளைசா, முடிச்சா?

பக்கத்துத் திருப்பூரையும் மறக்க வேண்டாம். 1978-இல் ஓர் இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததிலிருந்துதான் அந்த ஊரின் ஏற்றுமதிக் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். அன்று அவர் நம் ஊரில் என்ன சாப்பிட்டிருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையிலேயே ஆசை.

கல்லூரி மாணவி, பீளமேடு: இன்ஸ்டாகிராமுக்காக நேற்று முளைத்த ஃபேஷன்தானே இது?

உங்கள் பாட்டி வயசு இருக்கும் அம்மிணி. தோக்கியோவில் 'கபே நோ அனா' என்று ஒரு ஸ்பாகெட்டிக் கடை. பெயருக்குச் 'சுவரில் ஓர் ஓட்டை' என்று பொருள். திறந்தது 1953-இல். 1960-களில் ஒரு வாடிக்கையாளர், சிம்ஃபனி இசைக்குழுவில் ஹார்ன் வாசிப்பவர், வெளிநாட்டிலிருந்து கேவியர் வாங்கி வந்து ஸ்பாகெட்டியில் கலந்து தரச் சொன்னாராம். ருசி பிடித்துப் போனது. ஆனால் கேவியர் விலைக்கு யார் போவது? பதிலுக்கு உள்ளூரில் மலிவாகக் கிடைத்த, உப்பிட்ட மீன் சினையைக் கலந்தார்கள். இன்றைக்கு அது ஜப்பான் வீடுகளில் சாதாரண மதியச் சாப்பாடு.

அதற்கும் முன்னால் யோகோஹாமாவின் ஹோட்டல் நியூ கிராண்ட். போர் முடிந்து அமெரிக்கப் படை அங்கே தங்கியிருந்த காலத்தில் பிறந்ததுதான் 'நாபோரிதான்' என்கிறார்கள். பின்னால் அது ஊரெங்கும் காப்பிக் கடைகளில் தக்காளி கெச்சப் ஊற்றிய ஸ்பாகெட்டியாகப் பரவியது. பெயரில் நேப்பிள்ஸ் இருக்கிறது, நேப்பிள்ஸில் அந்தப் பண்டம் கிடையாது.

1980-களின் கடைசியில் இத்தாலியச் சாப்பாட்டு மோகம் உச்சிக்குப் போனபோது ஜப்பானியர் அதற்கு வைத்த பெயர் 'இதாமேஷி'. மேஷி என்றால் சோறு. சாப்பாடு மொத்தத்துக்கும் அதே சொல். "சோறு உண்டாச்சுங்களா" என்று கேட்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இத்தாலிச் சோறு என்று பெயர் வைத்த அன்றே அவர்கள் அதை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

இல்லத்தரசி, வடவள்ளி: இந்த மாதிரிக் கடைகளில் அஜினமோட்டோ போடுவார்களா? பயமாக இருக்கிறது.

போடாமலே அது இருக்கும், பயப்பட வேண்டாம். 1908-இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கிகுனே இகேதா, கொம்பு என்ற கடற்பாசியை ஊறவைத்த சாற்றில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதிலும் சேராத ஒரு ருசி இருக்கிறதே என்று தேடிப் போய் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அந்த ருசிக்கு அவர் வைத்த பெயர் உமாமி. அடுத்த வருடமே அது அஜினமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதே குளூட்டமேட் நாள்பட்ட பார்மெசான் சீஸில் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் இயற்கையாகவே இருக்கிறது. பழுத்த தக்காளியிலும் உண்டு.

ஜப்பானும் இத்தாலியும் ஒட்டிக்கொள்வதற்குக் காரணமே இதுதான். 1913-இல் இகேதாவின் மாணவர் ஷிந்தாரோ கொதாமா, காய்ந்த மீனில் இனோசினேட் என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்தார். குளூட்டமேட்டும் இனோசினேட்டும் நாக்கில் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டாகாது, பல மடங்காகும். தக்காளிக் குழம்பில் ஒரு கருவாட்டுத் துண்டைப் போட்டால் தெருவே மணக்கிறதே, அந்தக் கணக்குதான்.

சைவ வாசகர், ஆர்.எஸ்.புரம்: நாங்கள் போகலாமா?

தாராளமாக. உட்கார்ந்ததும் இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள். ஒன்று, 'தாஷி' எதில் செய்தது? ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு அது. பெரும்பாலும் கொம்புவோடு கட்சுவோபுஷி சேரும். கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையில் காயவைத்து, மரக்கட்டைபோல் இறுக்கியது. நம் பக்கத்து மாசிக்கருவாடும் சூரைதான், ஆகவே உறவு புரியும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் மீன் இருக்கலாம். கொம்புவும் காய்ந்த ஷிடாக்கே காளானும் மட்டும் போட்ட தாஷி உண்டு, அதைக் கேளுங்கள்.

இரண்டு, சீஸ். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் போடுவது கட்டாயம். நம் நாட்டுத் தயாரிப்புகளில் பெரும்பாலும் நுண்ணுயிர் ரென்னெட். பாக்கெட்டைக் காட்டச் சொன்னால் நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள், சைவ ஓட்டல் அன்னபூர்ணா பக்கத்தில்தான் இருக்கிறது.

தனியார் ஊழியர், சரவணம்பட்டி: உக்கடம் மார்க்கெட்டில் புது மீன் வாங்கி வீட்டிலேயே பச்சையாக வெட்டிச் சாப்பிடலாமா?

வேண்டாம். பச்சை மீனில் முதல் பயம் புழு. அதைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைக்கச் சொல்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். வீட்டு ஃபிரிட்ஜ் அந்தக் குளிரை ஏழு நாளும் விடாமல் பிடித்திருக்கும் என்று நம்ப முடியாது. உறையவைத்தாலும் பாக்டீரியா சாகாது. பவானிசாகர், மேட்டூர் அணை மீனைப் பச்சையாகத் தொடவே கூடாது. குழம்பு வையுங்கள்.

பள்ளி மாணவன், சூலூர்: வசாபி ஏன் மூக்கில் ஏறுகிறது?

கடுகை அரைத்துப் பச்சடியில் போட்டால் ஏறுவதும் அதே காரம்தான் கண்ணு. கடைகளில் வரும் பச்சை விழுதில் பெரும்பாலும் வசாபி இருக்காது. குதிரைமுள்ளங்கி, கடுகு, பச்சை நிறம், அவ்வளவுதான்.

வங்கி அதிகாரி, ஈரோடு: குச்சியா, முள்கரண்டியா, கையா?

சுஷியை ஜப்பானிலேயே கையால் எடுத்துச் சாப்பிடலாம், தப்பில்லை. குச்சியைப் பிடித்தால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சோற்றின் மேல் நட்டு வைக்கக் கூடாது, அது அங்கே இறந்தவருக்குப் படைக்கும் முறை. பாஸ்தாவுக்கு முள்கரண்டி.

அதே வாசகர்: நூடுல்ஸை உறிஞ்சலாமா?

ஜப்பானில் உறிஞ்சலாம், இத்தாலியில் கூடாது. கலப்புக் கடையில் பக்கத்து மேஜையைப் பார்த்துச் செய்யுங்கள்.

புகைப்படக்காரர், திருப்பூர்: நீங்களே சாப்பிட்டதில் எது ஸ்ப்ளைஸ், எது முடிச்சு?

முடிச்சை முதலில் சொல்கிறேன். ஒரு கடையில் சுஷி மேல் மொசரெல்லாவை உருக்கி ஊற்றிக் கொடுத்தார்கள். காடி கலந்த சோறு ஆறியிருந்தது, அதன் மேல் சீஸ் ரப்பராக இறுகிப் போயிருந்தது. அந்தச் சீஸுக்கும் அந்தச் சோற்றுக்கும் பேச்சே இல்லை. மூன்று வாயோடு நிறுத்திவிட்டேன்.

ஸ்ப்ளைஸ், வேறொரு சின்னக் கடையில். திறந்த சமையலறை, அதனால் எல்லாம் கண்ணெதிரே நடந்தது. அகன்ற வாணலியில் நீலகிரிப் பட்டன் காளானைக் கூட்டமாகக் கொட்டாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாக அடியில் படும்படி போட்டு, விளிம்பு சிவக்கும்வரை கிளறாமல் விட்டார் சமையல்காரர். பிறகு வெண்ணெய். அது நுரைத்து அடங்கும் நேரத்தில் வாணலியின் ஓரத்தில், நடுவில் அல்ல, ஓரத்தில் சோயா சாஸை வட்டமாக விட்டார். சுர்ரென்று பொரிந்து கருகும் தறுவாயில் ஒரு கரண்டி பாஸ்தா வெந்த தண்ணீர். அந்த மாவுத் தண்ணீர்தான் வெண்ணெயையும் சாஸையும் பிரியாமல் பிடித்துக்கொள்கிறது. ஸ்பாகெட்டியைப் போட்டு நாலு சுழற்று. எடுத்தால் ஒவ்வொரு இழையிலும் பழுப்பாக ஒரு பளபளப்பு. தட்டின் அடியில் ஒரு சொட்டுத் திரவம் இல்லை. இது ஜப்பானா இத்தாலியா என்ற யோசனையே எனக்கு வரவில்லை. இன்னொரு தட்டு கேட்டேன்.

ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்: வீட்டுப் பொன்னி அரிசியில் ரிசோட்டோ வருமா?

வராது. நம் பொன்னி பெரும்பாலும் புழுங்கல். நெல்லிலேயே ஒரு முறை வெந்து, மாவு உள்ளேயே இறுகிவிட்டது. ரிசோட்டோவுக்கோ அரிசி தன் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுச் சாற்றைக் கெட்டியாக்க வேண்டும். பொங்கலுக்கு வாங்கும் புதுப் பச்சரிசியைக் கழுவாமல் செய்தால் கிட்டத்தட்ட வரும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். நம் அரிசி பருப்புச் சாதத்தில் அதே வேலையைத் துவரம்பருப்பு செய்கிறது. சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் தாளித்து, அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகும்போது பருப்பு கரைந்து சோற்றைப் பிடித்துக்கொள்கிறது. இத்தாலியர் இறக்கியதும் வெண்ணெயும் சீஸும் போட்டுக் கிளறுவார்கள். நாம் நெய் விடுகிறோம். அதில் மிசோ என்ற ஜப்பானியப் புளித்த சோயா விழுதை அரை ஸ்பூன் எடுத்துச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றிப் பாருங்கள். உப்பை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் பொறியாளர், காளப்பட்டி: சந்தகையில் பாஸ்தா சாஸ் ஊற்றினால் என்ன?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். எங்கள் அம்மாயி சந்தகை பிழியும் நாளில் வீட்டில் இரண்டு பேராவது வேண்டும். ஊறிய புழுங்கலரிசியை வெண்ணெயாக அரைத்து, இட்லியாக ஊற்றி, வெந்ததும் ஆவி பறக்கப் பறக்க உழக்கில் போட வேண்டும். ஒருத்தர் போட, ஒருத்தர் அழுத்த. ஆறினால் மாவு இறுகி இம்மியும் இறங்காது. "சுடச் சுட எடு கண்ணு" என்ற குரலோடுதான் இழை இறங்கும்.

அந்த இழைக்கு கெட்டியான கிரீம் சாஸ் ஆகாது. பாஸ்தா கோதுமை மாவில் ஆனது, குளூட்டன் கட்டிப் பிடித்திருக்கிறது, வாணலியில் சுழற்றலாம். சந்தகையில் அது இல்லை, சுழற்றினால் பொடிந்துபோகும். வேகவைத்த தண்ணீரும் மிஞ்சாது. ஆகவே எண்ணெய் தாளிப்புதான் அதற்குப் பொருந்தும். இத்தாலியில் பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய் மட்டும் போட்டு ஒரு ஸ்பாகெட்டி உண்டு, 'ஆல்யோ எ ஓல்யோ' என்பார்கள். பள்ளிபாளையம் சிக்கன் தாளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: விதை உதிர்த்த வர மிளகாய், சின்ன வெங்காயம், பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். அந்தத் தாளிப்பில் கோழிக்குப் பதில் பூண்டு சேர்த்து, கடைசியில் சில சொட்டு சோயா சாஸ் விட்டு, சந்தகை மேல் ஊற்றி விரல் நுனியால் பிசறுங்கள். மீன் சாப்பிடுபவர்கள் மாசித் தூள் ஒரு சிட்டிகை தூவலாம். மூன்று ஊரும் சேர்ந்த இழையில் முடிச்சைத் தேடினேன், கிடைக்கவில்லை.

வழக்கறிஞர், நாமக்கல்: பில்லில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் போட்டிருந்தார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் தந்தது. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். பரிமாறிய பிள்ளை நன்றாகக் கவனித்திருந்தால் அவர் கையில் நேரே கொடுங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், காங்கேயம்: இப்படியே போனால் நம் உணவு அழிந்துவிடாதா?

ஐயா, உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. தக்காளி இத்தாலிக்கும் அப்படித்தான் போனது. ஜப்பானின் தெம்புரா போர்ச்சுக்கீசியர் கற்றுக்கொடுத்தது. வந்ததைச் சேர்த்துக்கொண்ட சமையல் எதுவும் அழியவில்லை. நான் பயப்படுவது பரணைப் பார்த்துத்தான். அங்கே எத்தனை வீட்டில் சந்தகை உழக்கு துருப்பிடித்துக் கிடக்கிறது! ஸ்பாகெட்டி வந்து அதை மேலே தூக்கிப் போடவில்லை, நாம்தான் போட்டோம்.

அம்மாயி ஒருவர், அந்தியூர்: பேரன் அந்த மாதிரிக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேங்கறான். எனக்குப் பல்லு பாதிதானுங்க. என்ன சொல்லிச் சாப்பிடறது?

போய் வாங்க அம்மாயி. முதலில் மிசோ சூப் கேளுங்க, மீன் சேராததா வேணும்னா முன்னாடியே சொல்லிடுங்க. பிறகு காளான் போட்ட வெண்ணெய்–சோயா ஸ்பாகெட்டி, இன்னும் கொஞ்சம் குழைய வேகவைக்கச் சொல்லுங்க. அவங்க கடிபடுற பதத்தில் எடுத்துடுவாங்க, உங்களுக்குச் சிரமமாயிரும். குச்சி வேண்டாம், கரண்டி கேட்டாத் தருவாங்க. கடைசியா டிராமிசுன்னு ஓர் இத்தாலி இனிப்பு கொண்டுவந்தாங்கன்னா அதுல காப்பி இருக்கும், சில கடையில் மதுவும் சேர்ப்பாங்க, கேட்டுக்குங்க. அந்தச் சமையல்காரரைக் கூப்பிட்டுச் சந்தகை தெரியுமான்னும் ஒரு வார்த்தை கேளுங்க.