மழுங்கலியல்: ஜொகூர் அடுக்களைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வெங்காயம் அரிபவர் அழுவதற்கு வெங்காயமே காரணம் என்பது ஜொகூர் பாரு அடுக்களைகளின் நெடுநாள் கொள்கை. இவ்வாய்வு அதை மறுக்கிறது. மழுங்கிய கத்தி அரிவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய வெங்காயம் கண்ணைக் கரிக்கும் சாற்றைக் கூடுதலாகத் தெறிக்கவிடுகிறது. பாதிப் பழி கத்திக்கு.

இத்துறையின் மூத்த அறிஞர்கள் குளுவாங், லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இருந்தார்கள். பால் மரம் வெட்டும் ஜெபோங் கத்தி ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை மட்டுமே சீவ வேண்டும். கூர் போனால் பட்டை வீணாகும். கை அழுந்தி உள்ளிருக்கும் வளர்திசுவில் பட்டால், புதிதாக வளரும் பட்டையில் முண்டு விழும். கிராணியிடமிருந்து வசவும் விழும். அதனால் அவர்களுக்குச் சாணைக்கல் சோற்றுத் தட்டுக்குச் சமம்.

பேரப்பிள்ளைகளோ கத்தியை இரண்டு தடவை இழுத்தால் வேலை முடியும் கருவியைத் தேடுகிறார்கள். அதற்குள் V வடிவில் நிற்கும் டங்ஸ்டன் கார்பைடு தகடுகள் இரும்பைச் சுரண்டி எடுக்கும். கூர் உடனே வரும், கத்தி சீக்கிரம் தேயும். சமையல்காரர்கள் வீசி வீசித் தேய்க்கும் நீண்ட எஃகுக் கம்பி பெரும்பாலும் கூராக்குவதே இல்லை. வளைந்த விளிம்பை நிமிர்த்துவதோடு சரி. பார்க்க மட்டும் கம்பீரம்.

செலவில்லாத கருவி வீட்டிலேயே இருக்கிறது. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் தெரியும் மெருகிடாத வளையம் கத்தியின் எஃகைவிடக் கடினமானது. கார் ஜன்னல் கண்ணாடியின் மேல் விளிம்பையும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். 1924இல் திறந்த ஜொகூர்-சிங்கப்பூர்க் காஸ்வேயின் நெரிசலில் அதற்குப் போதிய அவகாசம் உண்டுதான். ஆனால் கையில் கத்தியோடு சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடியை அடைவது ஆய்வு நெறிகளுக்கு முரணானது.

வாங்கியே தீருவதென்றால் ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று எண் போட்ட இருமுகக் கல் போதும். எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகும். பல் விழுந்த கத்திக்கு 400, அன்றாடக் கூருக்கு 1000. 3000, 8000 எல்லாம் சவரக்கத்திக்காரர் கவலை. 1891இல் எட்வர்ட் அச்சிசன் செயற்கை வைரம் செய்யப் போய்ச் சிலிக்கான் கார்பைடைக் கண்டெடுத்ததன் பலன், எஃகைவிட வெகு கடினமான கல் இன்று சாதாரணக் கடையிலும் கிடைக்கிறது. கல்லை நனைத்து, கத்தியை 15 முதல் 20 பாகை சாய்த்து, அந்தச் சாய்வு மாறாமல் தேய்க்க வேண்டும். எந்த விலைக்கும் கடையில் கிடைக்காதது அந்தச் சாய்வுதான். பால் மரம் வெட்டிய தாத்தா இருக்கும் வீட்டில் அது இலவசம்.

சோதனைக்குக் கேமரன் மலைத் தக்காளி உகந்தது. அழுத்தாமல் வைத்து இழுத்தவுடன் தோல் பிளந்தால் ஆய்வு வெற்றி. தக்காளி உருண்டு ஓடினால், 1000ஆம் பக்கத்தில் இன்னொரு பத்து நிமிடம்.