இருபத்தெட்டில் ஒரு பங்கு வீரம்

கோயம்புத்தூர்க்காரனுக்குக் கார் பந்தயம் ரத்தத்திலேயே ஊறியது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆதாரமும் கையில் இருக்கிறது. மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்து, பெரும் பணக்காரர்களின் விளையாட்டைச் சற்றே கீழே இறக்கிவைத்த கரிவரதன் எங்கள் ஊர்க்காரர். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் 2.1 கி.மீ. பந்தயத் தடமே இருக்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் எங்கள் ஊர்தான். அந்த வரிசையில் அடுத்தது யார் என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் லேசாகக் கோடி காட்டினேன். “ஸ்கூட்டருக்கு நடு ஸ்டாண்டு போடறதுக்கு வாட்ச்மேனைக் கூப்பிடற ஆளுங்க நீங்க” என்றாள் மனைவி.

ஆகவே ரிமோட் கார் பந்தயம். என் சுபாவத்தை மனத்தில் வைத்தே யாரோ இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். கவிழ்ந்தால் அடி வண்டிக்கு. ஜெயித்தால் மாலை எனக்கு.

எந்த அளவுக் கார் என்பதில்தான் பர்ஸின் தலையெழுத்து இருக்கிறது. இந்த உலகத்துப் பெரியவர்கள் நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள காரைத்தான் காராகவே மதிப்பார்கள். கிட்டத்தட்ட ஒன்றரை அடி நீளம், கம்பீரம். ரிமோட் கார்களின் வம்சமும் பெரிது. ஜப்பானில் ஷிஸுவோகா ஊர்த் தமியா கம்பெனி 1976-இல் தன் முதல் ரிமோட் காராக போர்ஷே 934-ஐக் கொண்டுவந்தது. அந்தப் பொம்மை சரியாக வர வேண்டும் என்பதற்காக நிஜ போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்தார்கள். (ஒரு மிக்ஸியைக் கழற்றிச் சில திருகாணிகளை மட்டும் மிச்சம் வைத்த என்னை எங்கள் வீட்டில் இன்றும் பேசுகிறார்கள்.) ஆனால் பத்தில் ஒரு பங்குக் கார் ஒன்றரைக் கிலோ எடை. அது சோபாக் காலில் போய் முட்டினால் சஸ்பென்ஷன் கை உடையும், அல்லது சோபா உடையும். ஒவ்வொரு முட்டலுக்கும் ஒரு உதிரிபாகம், ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் ஒரு கூரியர் சார்ஜ். ஓட்டுவதற்கு டென்னிஸ் மைதானம் அளவுக்கு இடமும் வேண்டும். எங்கள் ஹால் டென்னிஸ் பந்து அளவு.

28-இல் ஒரு பங்குக் கார் வேறு ரகம். 1999-இல் கியோஷோ கம்பெனி மினி-ஸீ என்ற பெயரில் இதைப் பிரபலமாக்கியது. நாலரை மீட்டர் காரை 28-ஆல் வகுத்தால் 16 செ.மீ.; விரித்த கையில் அடங்கிவிடும். எடை பேட்டரியோடு சேர்த்து 200 கிராம் அளவுதான். சுவரில் மோதினால் சுவருக்கும் தெரியாது, காருக்கும் தெரியாது. நாள் முழுக்க மோதப்போகிறவன் விலைச்சீட்டை மட்டும் பார்த்துச் சிக்கனம் பேசக்கூடாது. ஒரு மோதலுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கில் இந்தக் குட்டிக் காரை எதுவும் அடிக்க முடியாது. வேகத்திலும் குறையில்லை. மணிக்கு 20 கி.மீ. ஓடுகிறது, 28-ஆல் பெருக்குங்கள், 560! நரேன்கூட அந்த வேகத்தில் போனதில்லை. இந்தப் பெருக்கலை நான் உறவினர்களிடம் மட்டுமே செய்து காட்டுவேன். கணக்கு வாத்தியார்களிடம் கிடையாது.

அந்த ஜப்பான் மினி-ஸீயின் விலையைக் கேட்டுவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். அதே அளவில் சீன வண்டிகள் அதில் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன. முதல் வண்டிக்கு அது போதும். ஆனால் பல்சக்கரம், முன் அச்சுப் பாகங்கள் எல்லாம் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கிடைக்காதென்றால் அந்த வண்டி ஷோகேஸுக்குத்தான்.

பொம்மைக் கடையிலும் ரிமோட் கார் தொங்குகிறதே என்பீர்கள். ரிமோட்டில் இருக்கும் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பிப் பாருங்கள். முன் சக்கரமும் அதே அளவு மெல்லத் திரும்பினால் பந்தயத்துக்கு ஆகும். சடக்கென்று ஒரே கோணலாகப் போய் நின்றால் அது பொம்மை. அதற்கு முழு இடது, முழு வலது தவிர வேறு கொள்கை கிடையாது. இந்தச் சோதனையை ஒரு கடையில் நான் தவமாகச் செய்துகொண்டிருந்தபோது, “கொழந்தைக்கு எத்தன வயசுங்க?” என்று கேட்டார்கள். நாற்பத்தெட்டு என்றேன்.

ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸாகவும் இருக்க வேண்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் செட்டுகளில் இரண்டு வண்டி ஒரே அலைவரிசையில் மாட்டிக்கொண்டால், நான் திருப்ப எதிர்வீட்டுப் பையன் கார் திரும்பும். வீட்டில் என் சொல்லுக்குக் கட்டுப்பட ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்றுதானே இத்தனை செலவும்!

பேட்டரி, டிரிபிள்-ஏ, நாலு. சாதாரண பேட்டரி 1.5 வோல்ட், ரீசார்ஜ் ஆகும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட். குறைவாயிற்றே என்று முகம் சுளிக்க வேண்டாம். மோட்டார் திடீரென்று இழுக்கிற கரண்டை நிக்கல் அசராமல் கொடுக்கும். சாதாரணது பாதி வழியில் மூச்சு வாங்கும். ஒரு நல்ல சார்ஜரும் இரண்டு செட் பேட்டரியும் இருந்தால் வருஷக்கணக்கில் ஓட்டலாம். அவை கூரியரில் வந்து சேரும்வரை டிவி ரிமோட்டும் ஏசி ரிமோட்டும் விளையாட்டுத் துறைக்காகத் தியாகம் செய்தன. சீரியல் நேரத்தில் சேனல் மாறாத வீட்டில் பந்தய வீரனுக்கு என்ன டிபன் கிடைக்கும் என்று விவரிக்க விரும்பவில்லை. லித்தியம் பாலிமர் இன்னும் வேகம்தான். ஆனால் அளவு மீறி ஏற்றிவிட்டால் உப்பும், தீயும் பிடிக்கும். அந்தக் குணத்தோடு எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே என் அண்ணன் இருக்கிறார்.

டைல்ஸ் தரையில் இந்தக் கார் நிற்காது; வழுக்கிக்கொண்டே பூஜையறைக்குப் போய்விடும். வெளிநாட்டில் இதற்கென்றே ஃபோம் தடம் விற்கிறார்கள், காரைவிட விலை அதிகம். குழந்தைகள் தவழ்வதற்கு விற்கிற, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஃபோம் பாய் போதும். ரப்பர் டயர் அதைக் கவ்விப் பிடிக்கும். ஓரக்கட்டுக்கு, எலெக்ட்ரீஷியன் சுவரில் ஒயர் மறைக்க அடிக்கிற பிளாஸ்டிக் கேசிங் பட்டை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் டயரைச் செல்லோ டேப்பின் பசைப்பக்கம் உருட்டித் தூசி எடுக்க வேண்டும். டேப்பில் ஒட்டிவந்ததைப் பார்த்த என் மனைவி, வீடு கூட்டுகிற அக்காவை அழைத்து ஆதாரத்தோடு காட்டினாள். அன்றிலிருந்து அந்த அக்கா என்னிடம் பேசுவதில்லை.

ஒரு காரை வைத்துக்கொண்டு பந்தயம் நடத்த முடியாது என்ற உண்மையை, முதல் கார் வந்து சேர்ந்த பிறகே வீட்டில் வெளியிட்டேன். இரண்டாவது காருக்கு ஓட்டுநராக வாய்த்தவர் மாமனார். மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிழவர்தானே என்று சேர்த்துக்கொண்டேன்.

பந்தயம் 5 நிமிடம். அதற்குள் அதிகச் சுற்று சுற்றுகிறவருக்கே வெற்றி. சுற்று ஒன்றுக்குப் பத்து நொடி என்று வைத்தால், ஒரு முறை கவிழ்ந்ததும் யாராவது போய்க் குனிந்து நிமிர்த்துவதற்குள் ஒரு முழுச் சுற்றே போய்விடும். நிமிர்த்துகிறவருக்கு மார்ஷல் என்று பெயர். எங்கள் மார்ஷல் என் மகன். கவிழ்வதற்கு இவ்வளவு என்று ரேட் பேசினான். சிக்கனத் திட்டத்தில் நான் எதிர்பார்க்காத செலவு அது. போதாததற்கு, கார் நம்மைப் பார்த்து வரும்போது இடது வலதாகிவிடும். அந்த நொடியில் என் மூளையும் கையும் தனித்தனிக் குடித்தனம் போய்விடுகின்றன. மாமனாருக்கு அந்தப் பிரச்சினையே வரவில்லை. “வண்டிக்குள்ள நாம உக்காந்திருக்கறதா நெனச்சுக்கோணும் மாப்பிள்ளை. வளைவுக்கு முன்னாலயே வேகத்தக் கொறைச்சுப்போடோணும், உள்ள போயி பிரேக்கப் போட்டீங்கன்னா வண்டி சொன்னதக் கேக்காதுங்க” என்றார். அப்புறம் ஒரே சீரான வேகத்தில், ஒரு ஓரக்கட்டையும் தொடாமல், சுற்றிக்கொண்டே இருந்தார்.

மிக வேகமான ஒரு சுற்று என்னுடையது. அதை நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். மொத்தச் சுற்றில் மாமனார் எங்கேயோ இருந்தார். நடுவில் வண்டியை ஓரம் கட்டி, ரிமோட்டை வைத்துவிட்டு, தன் மகள் கொடுத்த டீயைக் குடித்து முடித்தார், அப்படியும் ஜெயித்தார்.

தோற்றவன் வண்டியைத்தான் குறை சொல்ல வேண்டும். மறுநாள் என் காரைக் கழற்றினேன், கோளாறும் கிடைத்தது. தரையை ஒட்டி ஓடுகிற வண்டி, துடைப்பம் விட்டதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். நீள முடி பின் அச்சில் சுற்றி, பேரிங் வரை போய் இறுகிவிடும். சக்கரம் கனக்கும், மோட்டார் சுடும், பேட்டரி சீக்கிரம் தீரும். சிறு இடுக்கியால் பொறுமையாக அதைச் சுருள் சுருளாக எடுத்து, ஒரு வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, அடுப்படிக்குக் கொண்டுபோய் நீட்டினேன்.

“நேத்து நான் உங்கப்பாகிட்ட தோத்ததுக்குக் காரணம் இதுதான். யாரோட முடி இது?”

எட்டிப் பார்த்தாள். “என்ற முடிதானுங்க. அது எதனால கொட்டுச்சுன்னு கண்டுபுடிச்சீங்களா?”