பொருள்: பழைய சிபியு ஒன்றின் எதிர்காலம்

பெறுநர்: கணினிக் கொள்முதல் குழு, தலைமை அலுவலகம்.
பார்வை: ‘நிலுவையில் வைக்கப்பட்டது’ என்ற தங்கள் குறிப்பும், அதே வாசகம் கொண்ட முந்தைய குறிப்புகளும்.

பெருமதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வரைவுப் பிரிவின் வணக்கம். 2017இல் வாங்கிய எங்கள் டெஸ்க்டாப்பை அப்கிரேடு செய்வதா, புதிது வாங்குவதா என்று தாங்கள் ஆழ்ந்து யோசிக்கும் வேளையில் குறுக்கிடுகிறோம். பொறுத்தருள்க.

காலையில் சுவிட்சைப் போட்டால், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பிராசஸரோ பத்தைத் தாண்டுவதில்லை. ஒருவர் மூச்சு முட்ட உழைக்க, மற்றவர் கோப்பு வரட்டும் என்று சாய்ந்திருக்கும் இந்த ஏற்பாட்டை அது தங்கள் அலுவலகத்தில்தான் கற்றிருக்க வேண்டும். ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி, கூடவே இன்னொரு ரேம். நாங்கள் முதலில் கேட்டது அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவர்கூட எங்களுடையது. ஆனால் எஸ்எஸ்டி உதிரிபாகமா, சொத்தா என்று தணிக்கைப் பிரிவு கேட்டது. கோப்பு அங்கேயே படுத்துக்கொண்டது.

தாங்கள் யோசித்து முடிப்பதற்குள் 2025 அக்டோபர் 14 வந்து, விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துபோனது. எங்கள் 7ஆம் தலைமுறை ஐ5 பிராசஸர் விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. பணம் கட்டினால் பாதுகாப்பு அப்டேட் நீடிக்குமாம். நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு, ஆண்டுக்கு ஆண்டு கட்டணம் இரட்டிப்பு. தள்ளிப்போடுவதற்கும் விலை வைத்துவிட்டார்கள். இதுவரை தாங்கள் அதை இலவசம் என்றே எண்ணியிருந்தீர்கள்.

பிராசஸரை மட்டும் மாற்றினால் என்ன என்று உறுப்பினர் ஒருவர் திருவாய் மலர்ந்தாராம். 8ஆம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் அதே 1151தான்; ஆனால் எங்கள் மதர்போர்டு அதை ஏற்காது. ஆகவே மதர்போர்டு. இப்போது வரும் மதர்போர்டுகளில் பெரும்பாலானவை டிடிஆர்5 கேட்கும். ஆகவே ரேம். கடைசியில் மிஞ்சுவது கேபினெட்டும், ஆயுத பூஜைக்கு அதன்மேல் வைத்த சந்தனப் பொட்டும். பொட்டை அப்படியே வைத்துக்கொள்ள எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். 50,000 ரூபாய்க்கு வாங்கிய பெட்டி, 9 ஆண்டில் ஏட்டில் 504 ரூபாய். அந்த 504 ரூபாயைக் காப்பாற்ற நடந்த கூட்டங்களுக்கு டீ, பஜ்ஜி செலவு எவ்வளவு என்று தணிக்கைப் பிரிவு ஏனோ கேட்கவில்லை.

ஆகவே வேண்டுவது: விண்டோஸ் 11 ஏற்கும் பெட்டிகள் மற்ற பிரிவுகளில் இருக்கின்றன, அவற்றுக்கு எஸ்எஸ்டியும் ரேமும் இந்த மாதமே போடுங்கள், எங்கள் கதி அவற்றுக்கு வேண்டாம். எங்களுடையதைக் கண்டம் செய்து புதிது வாங்குங்கள். பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போடாமல், 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.

புதிய பெட்டிக்குள்ளேயே எஸ்எஸ்டி இருக்கும். அது உதிரிபாகமா, சொத்தா என்று தணிக்கைப் பிரிவு அதைத் திறந்து பார்க்காது என்று நம்பும்,

தங்கள் உண்மையுள்ள,
வரைவுப் பிரிவினர்