சோப்பா, ராக்கெட்டா? தொழில் தேர்வு குறித்த ஒரு பந்தியியல் ஆய்வு

பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை தேடும் இளைஞர், தாம் இன்ஜினியராவதா, பிராடக்ட் மேனேஜராவதா, டேட்டா சயின்டிஸ்டாவதா என்று குழம்பும்போது சம்பளம், ஆர்வம், எதிர்காலம் என்ற மூன்று அளவுகோல்களைக் கையில் எடுக்கிறார். மூன்றும் பயனற்றவை என்பது இவ்வாய்வாளரின் துணிபு. நம்பத்தக்க அளவுகோல் ஒன்றே: கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியப்பாவுக்கு, சாம்பார் வந்து சேர்வதற்குள் தம் வேலையை விளக்கிவிட முடியுமா?

இன்ஜினியருக்கு இதில் இடரில்லை. பெயரைக் கேட்டதும் பெரியப்பா திருப்தியோடு அப்பளத்துக்குத் திரும்பிவிடுவார். நிரல் எழுதுவதை இன்ஜினியரிங் என்றழைத்ததே சற்று வம்புக்குத்தான் என்பது அவருக்குத் தெரியாது. 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டுக்கு 'சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்' என்ற தலைப்பைச் சீண்டலாகவே வைத்தார்கள். பாலம் கட்டியவரை நள்ளிரவில் பாலம் எழுப்புவதில்லை. சர்வர் எழுப்பும்.

பிராடக்ட் மேனேஜர் நிலை பரிதாபம். "என்ன பிராடக்டுப்பா, சோப்பா?" என்பார் பெரியப்பா. இளைஞர் சிரிப்பார். சிரிக்கக் கூடாது, கேள்வி வரலாற்று நோக்கில் மிகச் சரியானது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்எல்ராய், சொந்த வீட்டு ஐவரி சோப்பின் நிழலில் அது வாடுவது பொறுக்காமல், ஒவ்வொரு சோப்புக்கும் பொறுப்பாகத் தனி ஆட்கள் வேண்டுமென்று 1931-ல் மேலிடத்துக்கு எழுதினார். இன்றைய பிராடக்ட் மேனேஜர்களின் குலமுதல்வர் அவரே. வழித்தோன்றல்களோ கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகளைப் போல வாழ்கிறார்கள்: அதட்டி வேலை வாங்க யாருமில்லை, எது தீய்ந்தாலும் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தாம்.

மூன்றாமவர் "டேட்டா சயின்டிஸ்ட்" என்றதும் பெரியப்பா நிமிர்ந்து உட்காருவார். "சயின்டிஸ்டா! ஸ்ரீஹரிகோட்டாவிலா?" உண்மையில் தம்பி அன்று பகல் முழுக்கச் செய்தது, ஒரே ஊரை மூன்றாகக் காட்டிய 'சென்னை', 'மெட்ராஸ்', 'சென்னை-97' ஆகியவற்றை ஒன்றாக்கியது. இப்பதவிப் பெயரை 2008 வாக்கில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் டி.ஜே. பாட்டீலும் ஜெஃப் ஹாமர்பாக்கரும். 2012-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதனை இந்நூற்றாண்டின் ஆகக் கவர்ச்சியான வேலை என்று கொண்டாடியது. கட்டுரையை எழுதிய இருவரில் ஒருவர் அதே பாட்டீல். நம்மூரில் இதற்குத் தம்பட்டம் என்று பெயர்.

ராக்கெட் கேள்வியும் வீண்போகவில்லை. சோப்புக்காரர் மெக்எல்ராய் 1957 அக்டோபரில், ஸ்புட்னிக் வானேறிய சில நாட்களில், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரானார். அவர் காலத்தில் 1958-ல் உருவான ஆர்ப்பா அமைப்புதான் பின்னர் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டைப் பெற்றது. போதாக்குறைக்கு, 1931 குறிப்பில் சோப்பு மேலாளருக்கு அவர் விதித்த கடமைகளுள் ஒன்று, சரக்கு எங்கே எவ்வளவு போகிறதென்று எண்களை உற்றுப் பார்ப்பது. அதாவது டேட்டா சயின்டிஸ்டின் வேலை. ஒருவர் பார்த்ததை இருவருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எது உசத்தி என்று நாம் விவாதிக்கிறோம்.

ஆகவே விளக்க வாய் வராதவர் இன்ஜினியராகவும், பாயசம் வரைக்கும் விளக்கிக்கொண்டே இருக்கக்கூடியவர் பிராடக்ட் மேனேஜராகவும், ஸ்ரீஹரிகோட்டா என்றதும் மறுக்காமல் தலையாட்டத் துணிந்தவர் டேட்டா சயின்டிஸ்டாகவும் ஆகலாம். பஃபே விருந்துகளுக்கு இம்முடிவு பொருந்தாது. அங்கே தட்டோடு நகர்ந்துவிட வழியிருப்பதால் எவரும் எத்தொழிலையும் தேரலாம்.