பத்தே நாளில் பனியன் கம்பெனி நிர்வாகி ஆவது எப்படி?

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆரம்பித்துவிட்டீர்கள். அல்லது மாமனார் ஆரம்பித்ததை உங்கள் தலையில் கட்டிவிட்டார். கவலை வேண்டாம். கீழ்க்கண்டவற்றைப் பிசகாமல் செய்து வாருங்கள்.

1. முதல் செலவு ஏசி அறை. அதைவிட்டு வெளியே வராதீர்கள். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ, ஆலைத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதிகாரிகளை அதற்குள் மணிக்கணக்கில் நிற்கவைத்து, வேலை எங்கே தேங்குகிறது என்று பார்க்கச் சொல்வாராம். பாவம், அவர் காலத்தில் வாட்ஸ்அப் குரூப் இல்லை.

2. கட்டிங் மாஸ்டரை விரட்டுங்கள். செக்கிங்கில் நாளைக்கு ஆயிரம் பீஸ்தான் நகரும் என்றாலும் மூவாயிரம் வெட்டச் சொல்லுங்கள். மிச்சமெல்லாம் மேஜைக்கடியிலும் மாடிப்படியிலும் பண்டல் பண்டலாகக் குவியும். பார்க்கிறவர்கள், "ஆர்டர் பிச்சுக்கிட்டுப் போகுது போல" என்பார்கள். செக்கிங் மாதிரி நெருக்கடியான ஒரு இடம் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் மொத்த உற்பத்தி என்பதை வைத்து எலியாஹு கோல்ட்ராட், ஜெஃப் காக்ஸுடன் சேர்ந்து 1984இல் 'தி கோல்' என்று ஒரு நாவலே எழுதினார். நாவல்தானே, விட்டுத்தள்ளுங்கள்.

3. "நூல் விலை ஏறப்போகுது" என்று டீக்கடையில் யாராவது சொன்னால், ஆறு மாதத்துக்கு வாங்கிப் போடுங்கள். குடோன் நிறைந்திருக்கும். சனிக்கிழமை சம்பளத்துக்குத்தான் காசு இருக்காது.

4. தையல் விட்டிருந்தால் டெய்லரைத் திட்டுங்கள். 'ஏன்' என்று ஐந்து முறை கேட்பது டொயோட்டாக்காரர்களின் பழக்கம். தையல் ஏன் விட்டது? நூல் அறுந்தது. ஏன் அறுந்தது? ஊசி மழுங்கல். ஏன் மாற்றவில்லை? ஸ்டோரில் ஊசி இல்லை. ஏன் இல்லை? ஊசி கேட்டு எழுதிய சீட்டு முதலாளி மேஜையில் கிடக்கிறது. ஐந்தாவது ஏனுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

5. பையர் எந்தத் தேதி கேட்டாலும் "ஓகே சார்". சாயப்பட்டறையில் துணி மாட்டிக்கொண்டு தூத்துக்குடியில் கப்பலும் போய்விட்டால், சரக்கை விமானத்தில் ஏற்றுங்கள். கூடவே லாபமும் பறந்துவிடும்.

இவ்வளவும் செய்ய வசதிப்படாதவர்களுக்கு மலிவான வழி ஒன்று உண்டு. தினமும் காலையில் கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். பண்டல் அதிகமாகக் குவிந்திருக்கும் இடத்தில் நின்று, அங்கே வேலை செய்பவரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதை அன்றைக்கே வாங்கிக் கொடுங்கள். பெரும்பாலும் அது ஒரு ஊசிப் பாக்கெட்டாகத்தான் இருக்கும்.