பின்சீட்டுப் பொருளாதாரம்

எங்கள் குடும்பத்தில் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேச இரண்டு பேருக்குத்தான் உரிமை. மாமா டெல்லிக்கு வக்கீல். சித்தப்பா கோட்டைக்கு வக்கீல். இருவருக்கும் சொந்தமாக வண்டி கிடையாது. ரேஷன் கடையோ, பல் டாக்டரோ, கல்யாண வீடோ, என் பைக்கின் பின்சீட்டில்தான் போய் வருவார்கள். பெட்ரோல் போடுகிற என்னிடம் இதுவரை யாரும் கருத்துக் கேட்டதில்லை.

போன விசேஷத்தில் இருவரையும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். மாமா ஆரம்பித்தார். "காங்கிரஸ்காரன் எண்ணெய்ப் பத்திரம்னு 1.3 லட்சம் கோடிக்கு மேல கடன் எழுதி வெச்சுட்டுப் போயிட்டான். அதை நாமதான் அடைக்கிறோம்." 2021-ல் நிதியமைச்சரே சொன்ன காரணம்தான் இது.

சித்தப்பா அப்பளத்தை நொறுக்கினார். "2014-ல பெட்ரோலுக்குக் கலால் வரி 9 ரூபா 48 காசு. 2020 மே மாசம் 32 ரூபா 98 காசு. மீட்டர் வட்டிக்காரன்கூட இப்படிக் கறக்க மாட்டானே மாப்ளே!"

"உங்க வாட் வரி மட்டும் என்ன, கோயில் உண்டியலுக்கா போகுது?"

"2021 ஆகஸ்ட்ல 3 ரூபா குறைச்சோமே!"

"தேர்தல் அறிக்கையில 5 ரூபான்னு போட்டீங்களே. மீதி 2 ரூபா எங்கே?"

சித்தப்பா ரசம் பரிமாறுகிறவரை அவசரமாகக் கூப்பிட்டார்.

விலையை நாங்கள் ஏற்றவில்லை, சந்தைதான் ஏற்றுகிறது என்று அரசாங்கம் சொல்கிறது. 2010-ல் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 2017 ஜூனிலிருந்து தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் என்றார்கள். நானும் நம்பினேன். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்குக் கீழே விழுந்தது. பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்குக் கையில் காசும் தருகிற நிலைமை. அடுத்த மாதமே இங்கே கலால் வரி லிட்டருக்கு 10 ரூபாய் கூடியது. சந்தை இறங்கினால் அந்த இடத்தில் வரி ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

இந்தச் சந்தைக்கு இன்னொரு திறமையும் உண்டு: தேர்தல் அட்டவணை மனப்பாடம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வெடித்து, கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியது. நம் ஊர் பங்க்கில் பைசா அசையவில்லை. மார்ச் 10 அன்று உத்தரப் பிரதேசத் தேர்தல் முடிவு வந்தது. மார்ச் 22 அன்று விலை ஏறத் தொடங்கியது. "மாசம் ஒரு எலெக்‌ஷன் வெச்சா என்ன?" என்று கேட்டாள் அத்தை. அந்தப் பந்தியில் உருப்படியாகப் பேசியவள் அவள்தான்.

எதிர்க்கட்சிக்காரர்கள் கையிலிருக்கும் ஒரே தீர்வு மாட்டு வண்டி. 1973-ல் வாஜ்பாய், விலை உயர்வைக் கண்டித்து அதில்தான் நாடாளுமன்றத்துக்குப் போனார். கட்சி ஆட்சிக்கு வந்ததும் வண்டி கைமாறிவிடும். 2021 ஜூலையில் மும்பையில் காங்கிரஸ்காரர்கள் ஏறினார்கள். பாரம் தாங்காமல் வண்டியே உடைந்து விழுந்தது. மாட்டிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்று தெரியவில்லை.

மற்ற தீர்வுகளைத் தமிழ்நாடே கண்டுபிடித்தது. 1996-ல் ராஜபாளையத்துப் பக்கம் ஒருவர் மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னார். நாடே வாயைப் பிளந்தது. கடைசியில் விவகாரம் சி.பி.ஐ. வழக்காகி, தண்டனையில் போய் நின்றது. 2018-ல் கடலூர் மாவட்டத்தில் மாப்பிள்ளைக்கு நண்பர்கள் 5 லிட்டர் பெட்ரோலை மொய்யாக வைத்தார்கள். 2021-ல் கரூர்ப் பக்கம் ஒரு பங்க்கில், பிள்ளை 20 குறள் ஒப்பித்தால் பெற்றோருக்கு 1 லிட்டர் இலவசம். 1330 குறளுக்கு அறுபத்தாறரை லிட்டர் என்று கணக்குப் போட்டு என் மகனை உட்கார வைத்தேன். அவன் கடவுள் வாழ்த்தோடு எழுந்து போய்விட்டான்.

எல்லோரும் சொல்லும் பெரிய தீர்வு, பெட்ரோலை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டு வருவது. மத்திய அரசு, "மாநிலங்கள் சம்மதிக்கட்டும்" என்கிறது. மாநிலங்கள், "எங்களுக்கு மிச்சமிருக்கிற வருமானமே அதுதான்" என்கின்றன. அதிலும் நியாயம் இருக்கிறது. மத்தியக் கலால் வரியில் பெரும்பகுதி செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் வருகிறது; அதில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. 2021 செப்டம்பர் 17 அன்று லக்னோவில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தது. மாமாவும் சித்தப்பாவும் அன்றைக்கு மட்டும் சண்டை போடவில்லை.

எனக்கு ஒரு சின்னக் கோரிக்கைதான். ஹோட்டலில் இரண்டு இட்லி சாப்பிட்டால் மத்திய வரி இவ்வளவு, மாநில வரி இவ்வளவு என்று காசு சுத்தமாகப் பிரித்து பில் தருகிறார்கள். பங்க் பில்லில் விலை, லிட்டர், தொகை மட்டும் இருக்கும். அதிலும் எண்ணெயின் விலை, டெல்லியின் பங்கு, கோட்டையின் பங்கு, டீலர் கமிஷன் என்று நாலு வரி அச்சடிக்கட்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கட்சியானாலும், இதைக் கேட்டுப் பாருங்கள்.