பொருள்: பிரேக் ஆயிலுக்கும் வயது வரம்பு கோருதல்

அனுப்புநர்: பழைய கார் வைத்திருப்பவர், பனமரத்துப்பட்டி, சேலம் மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு செயலர் அவர்கள், ஒன்றிய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது தில்லி.

பார்வை: மறுபதிவுக் கட்டணம் குறித்த தங்கள் அறிவிக்கைகள், 2021 அக்டோபர் மற்றும் 2025 ஆகஸ்ட்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீட்டு மாருதி 800-க்கு இருபது வயது நிறைந்தது. பதினைந்து வயது தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கினீர்கள். இருபதைத் தாண்டியதற்கு இப்போது 10,000. அறுபதாம் கல்யாணத்தில் ஊர்தான் மொய் எழுதும். தங்கள் ஆட்சியில் மாப்பிள்ளையே எழுத வேண்டியிருக்கிறது. எழுதினோம். ஆனால் ரசீது டேஷ்போர்டில் இருக்கும்போதே பிரேக் பெடல் பாதி தூரம் உள்ளே போக ஆரம்பித்தது. கட்டணம் கட்டிய செய்தி வண்டிக்கு எட்டவில்லை போலும்.

பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே. முன்சக்கரத்து பிரேக் பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. ஆனால் அது மாதக்கணக்கில் நடக்கிற காரியம். நிரப்பி விட்டு மறுநாளே இறங்கினால் விஷயம் வேறு. எங்கள் மெக்கானிக் இதை அறிவிக்கை எதுவும் வெளியிடாமலே சொன்னார்: "ஆவியாப் போறதுக்கு அது பெட்ரோல் இல்லீங்கண்ணா. எங்கயோ ஒழுகுது."

எங்கே என்று பார்க்க அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. பெடலை அழுத்தி அப்படியே பிடிக்கச் சொன்னார். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் கால் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் தேய்ந்திருக்கிறது. பெடலுக்குப் பின்னால் சுவர் நனைந்திருந்தால் அதே சிலிண்டர் வெளியே ஒழுகுகிறது. இரண்டும் இல்லை. சக்கரங்களுக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டோம். காலையில் வலது பின்சக்கரத்து அட்டையில் மட்டும் ஈரம். டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஸ்குரூ டிரைவரால் தூக்கினார். எண்ணெய் வழிந்தது. பிரேக் ஷூ முழுக்கக் குளித்திருந்தது.

இதற்குக் காரணம் வண்டியின் வயதல்ல, ஆயிலின் வயது என்பதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய நீர் சிலிண்டரின் உள்சுவரைத் துருப்பிடிக்க வைக்கும்; துரு ரப்பரை அறுக்கும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறியதற்கு அந்த எல்லை 140 டிகிரி. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் காலை எடுக்காமல் பிரேக் பிடித்து இறங்குகிறவருக்கு இந்த 65 டிகிரி பெரிய விஷயம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். வண்டி நிற்காது.

சிலிண்டரில் குழி விழுந்திருந்ததால் வெறும் ரப்பர் கிட் போடாமல் புதிய வீல் சிலிண்டரே மாட்டினோம். எண்ணெய் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மறுபடி மாட்டலாம் என்று ஆலோசனை சொல்ல எல்லா ஊரிலும் ஒருவர் உண்டு, கேட்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும் என்பதால் இரு பின்சக்கரத்துக்கும் புது ஷூ. பிறகு ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட, தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்தோம். பிரேக் ஆயில் தீர்ந்துவிட்டதென்று இன்ஜின் ஆயிலை ஊற்றுகிறவர்களுக்குத் தாங்கள் தனியாக ஓர் அபராதம் விதிக்கலாம். ரப்பர் அத்தனையும் ஊதிப்போகும்.

இப்போது என் மனு. சொந்தக் கார் ஷோரூமிலிருந்து வந்த நாள் தொட்டு பதினைந்து ஆண்டுகள், சாலைக்குத் தகுதியானதா என்று தங்கள் சட்டம் அதைக் கேட்பதில்லை. நாமக்கல் லாரிக்கு எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதற்குமேல் வருடாவருடம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று உண்டு. காருக்கோ பதினைந்து ஆண்டுகள் தீபாவளி விடுமுறை. அதற்குள் ஆயில் கறுத்து, ஈரம் ஏறி, ரப்பர் விறைத்து எல்லாம் முடிந்திருக்கும். சான்றிதழ் மட்டும் புதுசாக இருக்கும்.

எஃப்.சி.க்குப் போகும் வண்டிக்கு நம் ஊரில் முதலில் பெயிண்ட் அடிப்பார்கள், பிரேக்கைக் கடைசியில் பார்ப்பார்கள். இந்த விஷயத்தில் பிரேக் ஆயிலுக்குத்தான் கொஞ்சம் நேர்மை இருக்கிறது: சிந்தினால் அது பெயிண்ட்டையே அரித்துவிடும்.

தானியங்கிச் சோதனை நிலையங்களில் உருளைமேல் சக்கரத்தைச் சுழற்றி ஒவ்வொன்றின் பிரேக் பலத்தையும் அளக்கிறார்கள். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. எங்கள் வலது பின்சக்கரம் அங்கே போயிருந்தால் நொடியில் மாட்டியிருக்கும். அதையே ஐந்தாம் வயதில், பத்தாம் வயதில் செய்தால் என்ன? பத்தாயிரத்தை வயதுக்கு வாங்காமல் கசிவுக்கு வாங்குங்கள். வரிசையில் புத்தம்புதுக் கார்கள் எத்தனை நிற்கின்றன என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள, மறுபதிவு செய்யப்பட்ட குடிமகன்.

இணைப்பு: கழற்றிய வீல் சிலிண்டர் ஒன்று, குழியுடன். பெயிண்ட் அடித்த மேசைமேல் வைக்க வேண்டாம்.